பெரியம்மா எடுத்த ஏழு எழுத்து

காலையில் எழுந்து போனைத் திறந்தால் நம் பள்ளிக் குழுவில் அதற்குள் சண்டை மூண்டிருக்கிறது. ஏழு ஆங்கில எழுத்தைக் கொடுத்து அதற்குள் எத்தனை சின்ன வார்த்தை என்று கேட்கும் விளையாட்டு. பேரப்பிள்ளைகள் போனில் ஏற்றிக் கொடுத்தார்களாம். ஒருவர் இருபத்தொன்று என்கிறார், இன்னொருவர் அகராதியைப் பார்த்து அடிக்காதே என்கிறார். முழங்கால் வலி, சர்க்கரை, கண் ஆபரேஷன் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு அறுபதைத் தாண்டிய பதினான்கு பேர் இப்படி மல்லுக்கட்டுவதைப் பார்க்க எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சேர்வதில்லை. "ஆபீஸ்ல முப்பது வருசம் இங்கிலீஷ்ல டைப் அடிச்சவளுக்கு இது தெரியாதா, திமிருலா" என்று போன வாரம் ஒருவர் எழுதியிருந்தீர்கள். திமிர் இல்லை. இந்த விளையாட்டை நான் பதினொரு வயதிலேயே ஆடி முடித்துவிட்டேன். கொஞ்சம் நீளம்தான், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

அப்போது நாங்கள் கோல சிலாங்கூர் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில் இருந்தோம். டவுனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம், இறங்கி மண் சாலையில் இன்னொரு இருபது நிமிடம் நடை. லயத்தைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடு, சுவருக்கு இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பெரியம்மா. சொந்தம் கிடையாது. அம்மாவைவிட மூத்தவர், அதனால் பெரியம்மா. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் கல்யாணமாகிப் போயிருந்தாள். மகன் ஒருவர். அவரை நாங்கள் அண்ணன் என்போம்.

அந்த அண்ணனை இரண்டு வருடமாகக் காணவில்லை. காணவில்லை என்பதைவிட ஓடிப்போனார் என்பதுதான் சரி. ஒருநாள் பெரட்டில், அதாவது விடியற்காலையில் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் நேரத்தில், வேலை வாங்கும் மண்டோர் பெரியம்மாவைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டார். என்ன சொன்னார் என்பதைச் சின்னப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. அண்ணன் பால் வாளி தூக்கும் காண்டாக் கம்பை எடுத்து மண்டோர் தோளில் ஒன்று வைத்தார். எலும்பு முறிந்தது. மத்தியானம் போலீஸ் வந்தபோது அண்ணன் இல்லை. அதற்குப் பிறகு கடிதமும் இல்லை, ஆள் வழியாகச் சேதியும் இல்லை. பகாங்கில் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். மீன் படகில் ஏறிப் போய்விட்டதாகச் சிலர் சொன்னார்கள். பெரியம்மா எல்லாருக்கும் தலையாட்டுவார், யாரையும் நம்பமாட்டார்.

என் அக்காவுக்கு அந்த வருடம் பதின்மூன்று வயது. டவுனில் ரிமூவ் வகுப்பில் இருந்தாள். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தவர்கள் ஒரு வருடம் சும்மா உட்கார்ந்து ஆங்கிலம் கற்றுக்கொண்டுதான் படிவம் ஒன்றுக்குப் போக முடியும் என்று வைத்திருந்தார்களே, அது. நம்மில் பாதிப் பேர் அதில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான். அங்கே ஒரு டீச்சர் பலகையில் ஒரு நீளமான வார்த்தையை எழுதி, இதற்குள் இருக்கும் சின்ன வார்த்தைகளை எடு என்பாராம். அக்கா வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரப் பெட்டி அட்டையைக் கத்தரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஓர் எழுத்தாகப் பேனாவால் அழுத்தி எழுதி, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தாள். டின்னைத் திறந்தால் எழுத்தெல்லாம் சவர்க்கார வாசம் அடிக்கும்.

விளையாட்டு இதுதான். கண்ணை மூடிக்கொண்டு டின்னிலிருந்து ஏழு துண்டு எடுக்க வேண்டும். தரையில் பரப்ப வேண்டும். அந்த ஏழும் எல்லாருக்கும் பொது. யார் முதலில் வார்த்தையைப் பார்த்துச் சொல்கிறார்களோ அவர்களுக்கு ஒரு ரப்பர் கொட்டை. மூன்று எழுத்துக்குக் குறையக் கூடாது. அர்த்தத்தையும் தமிழில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கொட்டை கிடையாது. இது அக்கா போட்ட சட்டம். எனக்கு அர்த்தம் தெரிந்த ஆங்கில வார்த்தை மொத்தம் முப்பதோ நாற்பதோ. அவளிடம் கொட்டை மிலோ டப்பா நிறைய இருந்தது, என்னிடம் ஒரு கைப்பிடிகூட இல்லை. எழுத்துத் துண்டுகள் தரையில் விழும்போதே அக்காவின் கண் ஓடும். துண்டு நிற்பதற்குள் வார்த்தையைச் சொல்லிவிடுவாள். எனக்கு அழுகை முட்டும். அக்கா நல்லவள்தான், ஆனால் விட்டுக்கொடுத்து ஆடத் தெரியாதவள்.

இலை கொட்டும் காலம் வந்தது. ரப்பர் மரமெல்லாம் செம்பு நிறமாகி மொட்டையாக நின்றது. பால் குறைந்துபோனதால் ஆட்கள் சீக்கிரமே வீடு திரும்பிவிடுவார்கள். மத்தியானத்தில் லயம் நிறைய ஆள், யாருக்கும் வேலை இல்லை. வெயிலில் காய்ந்த இலை காற்றில் சிமெண்டு வாசல் வரைக்கும் உருண்டு வந்து சரசரக்கும். பெண்கள் படியில் உட்கார்ந்து பேன் பார்ப்பார்கள், எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பார்கள்.

அதே சமயம் டவுன் பள்ளி ஹாஸ்டலில் ஒரு கூத்து நடந்தது. பெண்கள் எழுத்துகளை வட்டமாக எழுதி, நடுவில் காசை வைத்து, அதன்மேல் விரலை வைத்து ஆவியைக் கூப்பிட்டார்களாம். காசு நகர்ந்து பதில் சொன்னதாம். ஒரு பெண் மயங்கி விழுந்தாளாம். நீங்களும் ஆடியிருப்பீர்கள், மறைக்க வேண்டாம். அந்தக் கதை பஸ் ஏறி எங்கள் எஸ்டேட்டுக்கு வந்தபோது, லயத்துப் பெண்களுக்கு ஒன்று விளங்கிவிட்டது. நடு வீட்டில் எழுத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு இரண்டு பெண் பிள்ளைகள் குனிந்து பார்க்கிறார்கள், திடீரென்று ஒரு வார்த்தையைக் கத்துகிறார்கள். வேறு என்னவாக இருக்கும்?

முதலில் வந்தது கோடி வீட்டு அம்மா. சேவல் காணோம். "எழுத்துல கேட்டுச் சொல்லு பாப்பா" என்றார். அக்கா சிரித்தாள். ஆனால் எழுத்தை எடுத்துப் பரப்பினாள். "டின்" என்று ஒரு வார்த்தை வந்தது. தகரம் என்று அர்த்தம் சொன்னாள். அந்த அம்மா வீட்டுக்குப் போய், குளியலறைக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்த தகர டின்னைத் தூக்கிப் பார்த்தார். சேவல் உள்ளே அரை உயிரோடு உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான். மறுநாள் எங்கள் வாசலில் மூன்று பேர் நின்றார்கள்.

அக்கா இது விளையாட்டு என்று சொல்லியிருக்கலாம். ஒரு தடவை சொன்னாள், மெதுவாகச் சொன்னாள். அவளுக்கும் அது பிடித்திருந்தது. பெரியவர்கள் அவள் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவுக்கும் பெருமைதான். வந்தவர்களுக்குக் காப்பி கலந்து கொடுத்து, "இங்கிலீஷ் படிக்கிற புள்ள, அதான்" என்று சொல்லிக்கொண்டார். இன்றைக்கு யோசித்தால், அந்த வீட்டில் இருந்த நாலு பேரில் அது விளையாட்டு என்று முழுதாக நம்பியது நான் ஒருத்திதான் என்று தோன்றுகிறது. எனக்கு அதில் கொட்டை மட்டும்தான் கண்ணில் பட்டது.

இந்த நேரத்தில் பெரியம்மாவுக்கு ஒரு நெருக்கடி. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. வயதானவர்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வேலை இல்லையென்றால் வீடும் இல்லை. வேலை செய்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் மட்டும் வீட்டை வைத்துக்கொள்ளலாம். பெரியம்மா ஆபீஸில் கணக்குப் பார்க்கும் கிராணியிடம் போய், மகன் வந்துவிடுவான், வந்ததும் பேர் கொடுப்பான் என்று சொன்னார். கிராணி இரக்கப்பட்டு, இலை கொட்டி முடியும்வரை பார்க்கலாம் என்றார். மகளோ ஒவ்வொரு ஞாயிறும் வந்து கூப்பிட்டாள். அவள் புருஷனுக்கு ரவாங்கில் தொழிற்சாலை வேலை கிடைத்து, அங்கே ஒரு தாமான் குடியிருப்பில் புதுசாகக் குடிபோயிருந்தார்கள். அவளை இனி ரவாங் அக்கா என்றே சொல்கிறேன்.

"எங்கூட வந்துடும்மா. எத்தன நாளைக்கு இப்புடி வாசலப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்ப?"

"அவனுக்கு இந்த வீடுதான்டி தெரியும். ஒன் வீடு அவனுக்குத் தெரியுமா? வந்து பூட்டுன கதவப் பாத்தா என்னா செய்வான்?"

"உசிரோட இருந்தா இத்தன நாள்ல வந்திருக்க மாட்டானா?"

இதைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து நாங்கள் கேட்டோம். பெரியம்மா அடுப்பில் விறகைத் தள்ளும் சத்தம் வந்தது. மகள் கேட்டது அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். குளித்துத் திருநீறு பூசி, ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், சூடம் வைத்து எடுத்து வந்திருந்தார். அம்மா குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். பெரியம்மா தட்டைத் தரையில் வைத்துவிட்டு, எங்களுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எம் மவனக் கூப்புடுங்கம்மா."

அக்காவின் முகம் மாறியது. "பெரியம்மா, இது ஆவியெல்லாம் இல்ல. ஸ்கூல்ல டீச்சர் சொல்லிக் குடுத்த வெளையாட்டு. சத்தியமா."

"வெளையாட்டுன்னா வெளையாடுங்க. நான் சும்மா பாக்குறேன்." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "செத்தவங்கதான எழுத்துக்கு வருவாங்க? வார்த்த வந்துச்சுன்னா அவன் போயிட்டான்னு வச்சிக்கிறேன். வரலன்னா எங்கயோ இருக்கான். அது போதும் எனக்கு. கிராணிகிட்ட சொல்லிக்கிறேன்."

அக்கா டின்னைத் திறக்கவில்லை. பெரியம்மாவே இழுத்துத் திறந்தார். கண்ணை மூடி ஒவ்வொன்றாக ஏழு துண்டு எடுத்து வரிசையாக வைத்தார். அந்த விரல்களில் ரப்பர் பால் படிந்து கறுத்த கறை தேய்த்தும் போகாமல் இருந்தது. அவர் எடுத்த எழுத்துகள் எனக்கு இன்றும் வரிசையாகத் தெரியும். டபிள்யூ, கே, வி, எக்ஸ், டி, ஜே, ஒரே ஒரு இ. தமிழிலேயே ஓர் எழுத்து அறியாத மனிதரை நாங்கள் ஆங்கிலத்தில் கூப்பிட உட்கார்ந்திருந்தோம். அண்ணன் பள்ளிக்கூடம் பக்கமே போனதில்லை. அது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அக்கா எழுத்துகளைப் பார்த்தாள். நகர்த்திப் பார்த்தாள். மறுபடியும் நகர்த்தினாள். நேரம் போனது. வெளியே இலை சரசரத்தது. "ஒண்ணும் வரல பெரியம்மா" என்றாள். "இதுல வார்த்தையே இல்ல."

பெரியம்மா மூச்சை விட்டார். அவர் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். அந்தக் கணத்தில் நான் இன்னொன்றையும் பார்த்தேன். கிராணி ஆபீஸ் தூணுக்குச் சாயம் அடித்த அன்று அதில் ஓர் அட்டை தொங்கியது, அதில் இருந்த வார்த்தையை அக்காதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். அது இங்கே இருந்தது. அக்காவுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. மாதக்கணக்கில் தோற்றுக்கொண்டிருந்தவளுக்கு வேறு எதுவும் தோன்றுமா? நான் வாயைத் திறக்கும்போது அக்கா என் தொடையை நறுக்கென்று கிள்ளினாள். நான் ஜெயிக்கப்போவது பொறுக்காமல் கிள்ளுகிறாள் என்று நினைத்தேன்.

"வெட்!" என்று கத்தினேன். அர்த்தம் சொல்லாவிட்டால் கொட்டை இல்லை என்பதால் அதையும் சேர்த்துச் சொன்னேன். "நனைஞ்சது. ஈரம்."

பெரியம்மா என்னைப் பார்த்தார். "தண்ணியில போயிட்டானா" என்றார், கேள்வி மாதிரிக்கூட இல்லாமல். அழவில்லை. தட்டை அப்படியே விட்டுவிட்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்து போனார். அக்கா பின்னாலேயே ஓடினாள். "பெரியம்மா, அவளுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா சொல்றா" என்று கெஞ்சினாள். பெரியம்மா திரும்பி, "நீ மறைக்கப் பாத்த. சின்னப் புள்ள மறைக்கத் தெரியாமச் சொல்லிடுச்சு" என்றார். பிறகு கதவு சாத்தும் சத்தம். நான் அக்காவின் மிலோ டப்பாவிலிருந்து எனக்குரிய கொட்டையை எடுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அம்மா அக்காவைத் துடைப்பத்தால் அடித்தார். என்னைத் தொடவில்லை. பெரியவள் அவள்தானே, பெரியம்மாவும் எழுத்து சொன்னது என்றாரே தவிர யார் வாயால் என்று சொல்லவில்லை. எழுத்துத் துண்டுகளை அப்பா அடுப்பில் போட்டார். அக்கா வாயே திறக்கவில்லை. வார்த்தையைச் சொன்னது நான் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பாதி அடி எனக்கு வந்திருக்கும்.

பதினாறாம் நாள் லயமே கூடியது. ஆற்றோரம் போய்ப் பிண்டம் கரைத்தார்கள். மாலை போட அண்ணனின் போட்டோ கிடைக்கவில்லை. அடையாள அட்டைக்கு எடுத்த ஒரு சின்னப் படத்தை டவுனில் கொடுத்துப் பெரிதாக்கிக்கொண்டு வந்தார்கள். அதில் அண்ணனின் ஒரு காது மங்கிப் போயிருந்தது. மரங்களில் புதுத் தளிர் வந்தபோது ரவாங் மருமகன் லோரி கொண்டுவந்து சாமான்களை ஏற்றினார். பெரியம்மா அம்மாவிடம், "எதுனா கடுதாசி வந்தா அனுப்பு" என்றார். அக்கா ரவாங் விலாசத்தை எங்கள் வீட்டுக் காலண்டரின் ஓரத்தில் எழுதிவைத்தாள். நல்ல குண்டு எழுத்து.

இதோடு முடிந்திருந்தால் இதைச் சின்னப் பிள்ளை செய்த பிழை என்று சொல்லி நானும் உங்களோடு காலையில் வார்த்தை தேடிக்கொண்டிருப்பேன். முடியவில்லை.

வருடக் கடைசி விடுமுறை. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். அக்கா புல் வெட்டும் கும்பலோடு போயிருந்தாள். பெரியம்மாவின் வீட்டில் குடிவந்தவர்களும் வேலையில் இருந்தார்கள். காலை பத்து மணி இருக்கும், நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். யாரோ பக்கத்து வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

அண்ணன்தான். மெலிந்திருந்தார், மீசை வைத்திருந்தார். கக்கத்தில் காகிதப் பொட்டலம் ஒன்று. எனக்கு முதலில் வந்தது பயமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. ஐயோ, மாட்டிக்கொண்டோம் என்றுதான் தோன்றியது.

"பாப்பா, இது வேற பூட்டா இருக்கே. அம்மா எங்க?"

"ரவாங் போயிட்டாங்கண்ணே. ஒங்கக்கா வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"ரவாங்கா? அக்கா பத்தாங்லதான இருந்துச்சு?"

"வீடு மாறிட்டாங்க."

அவர் படியில் உட்கார்ந்தார். சட்டையில் டீசல் வாசம் அடித்தது. பகாங் காட்டில் மரம் ஏற்றும் லோரியில் வேலை என்றார். "நான் வருவேன்னு தெரியும்ல அம்மாவுக்கு? எப்புடிப் போனாங்க?"

"நீங்க செத்துட்டீங்கன்னு பதினாறு கும்பிட்டாங்க."

அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "எனக்கா? யாரு சொன்னா நான் செத்துட்டேன்னு?"

"தெரியலண்ணே."

"ஏண்ணே நீங்க கடுதாசி போடல?" என்று நானே அவசரமாகக் கேட்டேன், பேச்சை மாற்ற.

"எழுதத் தெரிஞ்சா போட மாட்டேனா பாப்பா? இன்னொருத்தன்கிட்ட சொல்லி எழுதுனா, போலீஸு எங்க இருக்கேன்னு தெரிஞ்சிக்குமோன்னு பயம்." பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "ரவாங்ல எங்க வீடு?"

காலண்டர் என் முதுகுக்குப் பின்னால் சுவரில் தொங்கியது. வீட்டு எண், சாலை, தாமான் பெயர் எல்லாம் அதில் இருந்தது. இவர் ரவாங் போவார். யார் சொன்னது என்று கேட்பார். பெரியம்மா என் பெயரைச் சொல்வார். லயம் முழுக்கத் தெரியும். அம்மா துடைப்பத்தை இந்த முறை என் பக்கம் எடுப்பார். இவ்வளவும் ஒரு மூச்சில் எனக்குள் ஓடியது.

"தெரியாதுண்ணே" என்றேன்.

அவர் நம்பினார். ஏன் நம்பமாட்டார்? குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்தார். முகம் கழுவினார். பொட்டலத்தை என்னிடம் கொடுத்து, அம்மாவைப் பார்த்தால் கொடுக்கச் சொன்னார். "நான் வந்தேன்னு யாருக்கும் சொல்லாத பாப்பா. மண்டோருக்குத் தெரிஞ்சா போலீஸக் கூப்புட்டுருவான். நானே தேடிக்கிறேன். இல்லன்னா அடுத்த வருசம் வர்றேன்." ஆட்கள் வேலை முடிந்து வரும் நேரத்துக்குள் போய்விட வேண்டும் என்று, சாலையை விட்டு மரங்களுக்குள் புகுந்து நடந்தார். நான் சோறு பொங்கி வடித்தேன். அடுத்த வருடம் அவர் வரவில்லை. வந்திருந்தாலும் லயம் இருந்திருக்காது, அந்த வரிசையை இடித்துவிட்டார்கள்.

பொட்டலத்தில் ஒரு பாத்திக் கைலி இருந்தது, பச்சையில் மஞ்சள் பூப்போட்டது. விறகு அடுக்குக்கு அடியில் ஒளித்து வைத்தேன். மழை முடிந்து எடுத்துப் பார்த்தபோது கறையான் அரித்திருந்தது. கையில் எடுத்ததும் உதிர்ந்தது.

சொல்லாதே என்று அவர்தானே சொன்னார் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல வசதியான சாக்கு அது. இருபது வயதில் எனக்கும் ரவாங்கில் வேலை கிடைத்தது. முதல் மாதமே பசாரில் பெரியம்மாவைப் பார்த்தேன். அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டார். சுவரில் அண்ணனின் போட்டோ, பிளாஸ்டிக் மாலை, ஒரு சின்னச் சிவப்பு பல்பு. அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் பகாங்கில் லோரியில் இருக்கிறார் என்று ஒரு வார்த்தை போதும், மருமகன் தேடிக் கண்டுபிடித்திருப்பார். ஆனால் சொன்னால், ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்று கேட்பார்களே. ஒவ்வொரு வருடமும் அந்தக் கேள்வி ஒரு வருடம் வளர்ந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைத் தவிரப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

அக்கா இப்போது கெர்லிங்கில் இருக்கிறாள். சில வருடத்துக்கு முன்னால் அவள் வீட்டில் ஒரு காகிதத்தில் அந்த ஏழு எழுத்தை எழுதி நீட்டினேன். பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"இதுல நாலு வார்த்த இருக்கு" என்றாள். "அன்னிக்கே தெரியும்."

"நாலுமா?"

"கீழ வைக்கும்போதே தெரியும்டி. ஒண்ணையும் சொல்லக் கூடாதுன்னு ஒக்காந்திருந்தேன். ஒன் தொடையக் கிள்ளினேனே, நீ என்னான்னு நெனச்ச?"

அவளிடமும் அண்ணன் வந்ததைச் சொல்லவில்லை. விட்டுக்கொடுத்து ஆடத் தெரியாதவள் என்று அவளைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன். தெரிந்தே எழுதினேன், நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரியம்மா அந்த வெள்ளிக்கிழமையையே மகன் இறந்த நாளாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு வருடமும் படையல் போட்டார். ஒவ்வொரு வருடமும் எனக்கு அழைப்பு வந்தது, ஒவ்வொரு வருடமும் போனேன். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள் என்று முதல் வருடம் போனேன். அப்புறம் பழகிவிட்டது. படைத்து முடித்ததும் முதல் இலை எனக்குத்தான். அது பெரியம்மாவின் உத்தரவு. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட எனக்கு அப்புறம்தான்.

கடைசி வருடம் பெரியம்மா கட்டிலை விட்டு எழவில்லை. கண் சரியாகத் தெரியவில்லை, என் கையைத் தடவித்தான் என்னை அறிந்துகொண்டார். அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

"எல்லாரும் வருவான் வருவான்னு பொய் சொன்னாங்க" என்றார். "ஒங்கக்காகூட மறைச்சா. நீ ஒருத்திதான் எங்கிட்ட உண்மையச் சொன்னவ. நீ சொல்லலன்னா நான் அந்த லயத்து வாசல்லயே காஞ்சி செத்திருப்பேன். நீ நல்லா இருக்கணும் தாயி."

"பெரியம்மா" என்றேன். சொல்லிவிடத்தான் ஆரம்பித்தேன். அவர் முகத்தை என் பக்கம் திருப்பிக் காத்திருந்தார்.

ரவாங் அக்கா கதவைத் திறந்து, "எலை போட்டாச்சு, வா" என்றாள்.

"போ தாயி, ஆறிடும்" என்றார் பெரியம்மா, என் கையை விட்டுவிட்டு.

போய் உட்கார்ந்தேன். நெத்திலி வறுவல், முட்டைக் குழம்பு, கத்தரிக்காய்க் கூட்டு. எல்லாம் அண்ணனுக்குப் பிடித்தது. ரவாங் அக்கா கரண்டியோடு நின்று, இன்னும் கொஞ்சம் வைக்கவா என்று கேட்டாள்.

"வைங்கக்கா" என்றேன்.